ஹீட்டர் அனுப்புறதுக்கு முன்னாடி அந்த ரூம்ல இருக்குற ஈரத்தை வெளியே அனுப்பணும்

கோலாலம்பூர் செந்தூல்ல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. நீளமான கடிதம், கூட மூணு போட்டோ, கடிதத்துல முக்கியமானதை மட்டும் இங்க போடுறேன்.

"சார், என் மக செப்டம்பர்ல இங்கிலாந்துக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போனா, லீட்ஸ்ல இருக்கா. பழைய செங்கல் வீடு, நாலு பிள்ளைங்க சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்காங்க. கரண்டு, கேஸ் ரெண்டுமே முன்கூட்டி காசு போட்டு ஓட்டுற மீட்டர், காசு சீக்கிரம் தீந்துடுதுன்னு ஹீட்டிங்கே போட மாட்டேங்குறாங்க. இவ ரூம் மாடியில பின்பக்கம். வீடியோ கால்ல பாத்தா ஜாக்கெட் போட்டுக்கிட்டு உக்காந்து படிக்கிறா. காலையில ஜன்னல் பூரா தண்ணி வடியுது, அலமாரிக்குப் பின்னால சுவத்துல கறுப்பு கறுப்பா புள்ளி. குளிர் உள்ள வந்துடும்னு ஜன்னலைத் தொறக்கவே தொறக்காதன்னு சொல்லி வச்சிருக்கேன். தேங்காய் எண்ணெய் பாட்டில்ல கல்லா உறைஞ்சு போச்சாம். சின்ன வயசுல அவளுக்கு மூச்சு இளைப்பு இருந்துச்சு, அதான் எனக்குப் பயம். அவ ஃப்ரெண்டு ஒருத்தி லீவுக்கு வந்திருக்கா, திரும்பிப் போகும்போது அவ கையில ஒரு நல்ல ஹீட்டர் வாங்கிக் குடுத்து விடலாம்னு இருக்கேன். எந்த ஹீட்டர் வாங்குறது? அவ அப்பா கிராப் டாக்சி ஓட்டுறார், நான் கிளினிக்ல வேலை செய்றேன், மாசா மாசம் அனுப்புற காசுக்கு மேல எங்களால முடியாது."

வணக்கம்க்கா. நான் இப்ப கேஎல்ல (கோலாலம்பூர்ல) கட்டடங்களுக்கு ஏர்கான், வென்டிலேஷன் டிசைன் பண்ற எஞ்சினியர், அதுக்கு முன்னாடி சில வருஷம் யார்க்‌ஷயர் பக்கம் வீட்டு ஹீட்டிங் வேலை பாத்தவன். லீட்ஸ்ல ஸ்டூடண்ட்ஸ் வாடகைக்கு எடுக்குற அந்த செங்கல் வீடுங்க எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். உங்க கேள்விக்கு நேர் பதில் முதல்ல சொல்லிடுறேன், ஹீட்டர் வாங்காதீங்க. எந்த ஹீட்டரும் வேணாம். நீங்க அனுப்பின போட்டோவைப் பாத்தா உங்க பிள்ளையை வாட்டுறது பாதி குளிருன்னா மீதிப் பாதி ஈரம், அந்த ஈரத்தை அப்படியே விட்டுட்டு எவ்ளோ ஹீட்டர் போட்டாலும் காசு தான் போகும்.

ஹீட்டர் அங்க வேலை செய்யாதுன்னு நான் சொல்லல. நம்ம ஊரு மூணு முள் பிளக்கும் அவங்க பிளக்கும் ஒண்ணு தான், கரண்டும் கிட்டத்தட்ட அதே வோல்ட்டு, போய் சொருகினா ஓடும். பிரச்சினை விலையில இருக்கு. அங்க கரண்டு ஒரு யூனிட் 25 பென்ஸ் மாதிரி, கேஸ் ஒரு யூனிட் 6 பென்ஸ் மாதிரி தான். 2 கிலோவாட் ஹீட்டரை ஒரு நாளைக்கு 6 மணி நேரம் போட்டா 12 யூனிட், அதாவது 3 பவுண்டு மாதிரி, மாசத்துக்குக் கிட்டத்தட்ட 90 பவுண்டு, நம்ம காசுல 500 வெள்ளி (ரிங்கிட்) கிட்ட வந்துடும். அதே சூட்டை வீட்டுலயே இருக்குற கேஸ் பாய்லர் மூணுல ஒரு பங்கு விலைக்கும் கம்மியா குடுக்கும். இங்க ஃபேன் ஹீட்டர், ஆயில் ஹீட்டர், செராமிக் ஹீட்டர்னு கடைக்காரர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை சொல்வார், ஆனா 2 கிலோவாட்னா எல்லாமே ஒரே அளவு சூடு தான் குடுக்கும், ஒரே அளவு கரண்டு தான் இழுக்கும். நிறைய வீட்டு ஓனருங்க அக்ரிமென்ட்லயே தனி ஹீட்டர் வைக்கக் கூடாதுன்னு போட்டிருப்பாங்க, அது வேற.

இப்ப அந்த போட்டோ. முதல் படத்துல ஜன்னல் கண்ணாடி, கீழ கட்டைச் சட்டத்துல தண்ணி தேங்கி நிக்குது. ரெண்டாவதுல ரேடியேட்டர் (பாய்லர் சுடுதண்ணி ஓடி ரூமைச் சூடாக்குற இரும்புத் தகடு) மேல ஈரத்துணி, ஜீன்ஸ், ரெண்டு துவாலை, ஒரு கைலி. மூணாவதுல மேசைக்கு அடியில ரைஸ் குக்கர். கிச்சன் நாலு பேருக்கும் பொதுங்கிறதால ரூம்லயே சோறு ஆக்குதுன்னு நினைக்கிறேன், நம்ம பிள்ளைங்க நிறைய பேர் அப்படித் தான் செய்றாங்க, பாவம், வெளிய வாங்கித் தின்னா கட்டுப்படியாகாது. ஆனா பாருங்க, ஒரு தடவை துவைச்ச துணி காயும்போது ரெண்டு லிட்டர் தண்ணி வரைக்கும் காத்துல கலக்குது. ரைஸ் குக்கர் ஆவி அப்படியே ரூமுக்குள்ள. ராத்திரி தூங்குற ஆளு மூச்சுலயும் வேர்வையிலயும் கால் லிட்டருக்கு மேல விடும். இதெல்லாம் மூடின ரூம்ல எங்க போகும்? இருக்குறதுலயே எது ரொம்ப சில்லுன்னு இருக்கோ அங்க போய் ஒட்டும். தே ஐஸ் (ஐஸ் போட்ட டீ) கிளாஸ் வெளிய வேர்க்குது இல்ல, அதே கதை தான் அந்த ஜன்னல் கண்ணாடிக்கும், அலமாரிக்குப் பின்னால இருக்குற சுவத்துக்கும். அலமாரி மறைக்குறதால அந்த இடத்துக்கு ரூம் சூடு போய்ச் சேராது, காத்தும் ஓடாது, அதான் பூசணம் முதல்ல அங்க பிடிச்சிருக்கு.

ஈரம் ஏன் காசு தின்னுதுன்னா, அந்தப் பழைய வீடுங்க சுவரு முழு செங்கல், ஒன்பது இஞ்ச் மாதிரி இருக்கும், நடுவுல இடைவெளியும் கிடையாது சூடு காக்குற பஞ்சும் கிடையாது. செங்கல் நனைஞ்சா உள்ள இருக்குற சூட்டை இன்னும் வேகமா வெளிய கடத்தும். மெத்தையும் போர்வையும் ஈரம் ஏறி இருந்தா படுக்கும்போது உடம்புச் சூட்டை உறிஞ்சும். அதனால தான் பிள்ளை ஹீட்டிங் ஒரு மணி நேரம் போட்டுப் பாத்துட்டு ஒண்ணும் ஆகலையேன்னு அணைச்சிடுது.

அடுத்தது நீங்க சொல்லி வச்ச ஜன்னல் விஷயம். இதை நீங்க மாத்திச் சொல்லணும்க்கா, அம்மா சொன்னாத் தான் கேக்கும். நம்ம ஊருல வெளிக்காத்து எப்பவும் ஈரக் காத்து, மழை நேரத்துல ஜன்னலைத் தொறந்தா துணியே காயாது, அதனால ஈரம்னாலே மூடணும்னு நமக்குப் பழகிப் போச்சு. குளிர் ஊருல அது தலைகீழ். குளிர்ந்த காத்தால தண்ணியைப் பிடிச்சு வைக்கவே முடியாது. 5 டிகிரியில முழுக்க ஈரமா இருக்குற காத்துல கூட ஒரு கன மீட்டருக்கு 7 கிராம் தண்ணி தான் இருக்கும், கேஎல்ல சாதாரண ஒரு மத்தியானக் காத்துல 20 கிராம் இருக்கும். அந்த 5 டிகிரி காத்து ரூமுக்குள்ள வந்து 18 டிகிரிக்குச் சூடானா அதோட ஈரப்பதம் நூத்துக்கு 45க்கும் கீழ போயிடும், அதாவது காஞ்ச காத்து. வெளிய மழை தூறினாக் கூட இப்படித் தான். ஜன்னலைத் தொறந்தா ஈரம் வெளிய போகும், உள்ள வராது.

சூடு எல்லாம் போயிடுமேன்னு கேப்பீங்க. கணக்குப் போட்டே காட்டுறேன். பத்தடிக்குப் பதிமூணடி ரூம்னா உள்ள இருக்குற காத்து மொத்தமே 35 கிலோ தான். அதை முழுக்க வெளிய விட்டுட்டு 5 டிகிரியில இருந்து 18 டிகிரிக்கு மறுபடி சூடாக்க ஒரு யூனிட்டுல எட்டுல ஒரு பங்கு போதும், கேஸ்ல ஒரு பென்ஸ் ஆகும். சூடு காத்துல நிக்கல, சுவத்துலயும் கட்டில்லயும் சாமான்லயும் நிக்குது, அஞ்சு பத்து நிமிஷத்துல அது ஆறிடாது. அதனால காலையில எழுந்ததும் ஒரு தடவை, சமைச்சு முடிச்சதும் ஒரு தடவை, படுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஜன்னலை நல்லா அகலத் தொறந்து, ரூம் கதவையும் தொறந்து வச்சு அஞ்சுல இருந்து பத்து நிமிஷம். அப்ப ரேடியேட்டர் வால்வை மூடிடணும், இல்லன்னா குளிர்க்காத்து பட்டதும் அது முழுசா தொறந்துக்கும். கொஞ்சூண்டு தொறந்து நாள் பூரா விடுறது தான் தப்பு, சுவரே ஆறிடும். ஜன்னல் சட்டத்து மேல நீளமா ஒரு சின்ன சந்து இருந்தா அது காத்துக்குன்னே வச்சது, குளிருதுன்னு டேப் ஒட்டி அடைக்க வேணாம்.

துணி இனிமே ரூம்ல காயக் கூடாது. பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தா துணியை அங்க போட்டு கதவைச் சாத்தி ஃபேனை ஓட விடலாம், அது இழுக்குற கரண்டு ரொம்ப கம்மி. துவைக்குற மெஷின்ல கடைசியா இன்னொரு தடவை சுத்த விட்டாலே இன்னும் கொஞ்சம் தண்ணி போயிடும். துவாலை, ஜீன்ஸ் மாதிரி கனமானதை ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா லாண்டிரெட்ல (காசு போட்டுத் துவைக்குற கடையில) டிரையர்ல போட்டு எடுக்கட்டும். ரைஸ் குக்கரைக் கிச்சனுக்குக் கொண்டு போகச் சொல்லுங்க, மத்த பிள்ளைங்க கிட்ட பேசி ஒரு நேரம் வச்சுக்கிட்டா ஆச்சு, ஒரு நாளைக்கு சேத்து ஆக்கிட்டு உடனே ஆற வச்சு ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம், ஃப்ரிட்ஜ்லயும் ஒரு நாளுக்கு மேல வேணாம். குழம்பு வைக்கும்போது சட்டியை மூடி, கிச்சன் கதவைச் சாத்தி, மேல ஹூட் இருந்தா போடணும். காலையில கண்ணாடியில நிக்குற தண்ணியை ஒரு துணியில தொடைச்சு, அந்தத் துணியை சிங்க்ல பிழியணும், ரேடியேட்டர் மேல போட்டா அதே தண்ணி திரும்ப ரூமுக்குத் தான் வரும்.

இதை எல்லாம் செய்ய ஆரம்பிச்சா ஒரு வாரம், பத்து நாள்ல வித்தியாசம் தெரியும். தெரியுதான்னு கண்ணால பாக்க ஒரு சாமான் வேணும், அது தான் நீங்க அந்த ஃப்ரெண்டு கையில குடுத்து விடணும். ஷாப்பி ஆன்லைன் கடையில தேடினா டெம்பரேச்சரும் ஈரப்பதமும் காட்டுற சின்ன டிஜிட்டல் மீட்டர் இருக்கு, தீப்பெட்டி சைஸ், பத்து பதினஞ்சு வெள்ளி. ரெண்டு வாங்குங்க, ஒண்ணு மேசை மேல, ஒண்ணு அலமாரிக்குப் பின்னால. ஈரப்பதம் 40ல இருந்து 60க்குள்ள இருந்தா நல்லது, எந்நேரமும் 70க்கு மேல நின்னா பூசணம் வளந்துக்கிட்டே இருக்கும். டெம்பரேச்சர் 18 டிகிரி. உலக சுகாதார நிறுவனம் 2018ல வெளியிட்ட வீட்டு சுகாதார வழிகாட்டியில குளிர் காலத்துக்கு அந்த 18ஐத் தான் சொல்லியிருக்கு, இளைப்பு வந்த பிள்ளைக்கு அதுல கஞ்சத்தனம் பாக்க வேணாம். ஆனா 22, 23க்கும் தேவையில்ல. தேங்காய் எண்ணெய்க்காகப் பயப்படாதீங்க, அது 24 டிகிரிக்குக் கீழ போனாலே உறைஞ்சிடும், நல்ல சூடான இங்கிலாந்து வீட்டுலயும் அது கட்டியாத் தான் இருக்கும்.

சரி, 18 டிகிரியை எப்படிக் கம்மி காசுல கொண்டு வர்றது. அந்த ரேடியேட்டர் கீழ சுடுது மேல சில்லுன்னு இருக்குன்னு பிள்ளை சொன்னதா எழுதியிருக்கீங்க, அப்படின்னா உள்ள காத்து அடைச்சிருக்கு. ரேடியேட்டர் மேல் ஓரத்துல சின்னதா சதுர முனை ஒண்ணு இருக்கும், அதுக்குன்னு ஒரு சாவி ஹார்ட்வேர் கடையில ஒண்ணு ரெண்டு பவுண்டுக்குக் கிடைக்கும். ஹீட்டிங்கை அணைச்சு, ஆற விட்டு, கீழ ஒரு துணியைப் பிடிச்சுக்கிட்டு சாவியை மெல்லத் திருப்பணும், உஸ்ஸுன்னு காத்து வரும், தண்ணி சொட்ட ஆரம்பிச்சதும் மூடிடணும். அப்புறம் பாய்லர்ல பிரஷர் காட்டுற முள்ளு ஒண்ணுல இருந்து ஒன்றரைக்குள்ள இருக்கான்னு பாக்கணும், கம்மியா இருந்தா ஓனர் கிட்ட சொல்லி ஏத்தச் சொல்லட்டும். பக்கத்துல இருக்குற வால்வுல 1ல இருந்து 5 வரை நம்பர் இருக்கும், 5ல வச்சா சீக்கிரம் சூடாகும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, ஆகாது, எவ்ளோ சூட்டுல நிறுத்தணும்னு தான் அந்த நம்பர் சொல்லுது, 3ல வச்சா 18, 20 மாதிரி வந்து நிக்கும். ரேடியேட்டருக்கு முன்னாடி கட்டில், நாற்காலி எதுவும் வேணாம், கர்ட்டன் அது மேல தொங்கினா சூடு நேரா ஜன்னலுக்குத் தான் போகும், கர்ட்டனைத் தூக்கி ஜன்னல் கட்டை மேல வச்சுடணும். லீட்ஸ்ல டிசம்பர்ல நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிடும், இருட்டினதும் கர்ட்டனை இழுத்து மூடிடணும்.

நாலு பேரும் ஒரு தடவை உக்காந்து பேசணும். யாரும் போடாம இருக்குறதும் ஒருத்தர் மட்டும் திருட்டுத்தனமா போடுறதும் தான் எல்லா ஸ்டூடண்ட் வீட்டுலயும் சண்டை. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஆறுல இருந்து பத்துன்னு டைமர் வச்சுட்டு, யாரும் தொடக் கூடாதுன்னு முடிவு பண்ணி, வாரத்துக்கு ஆளுக்கு இவ்ளோன்னு மீட்டருக்குன்னு தனியா ஒரு பானையில போட்டுடலாம். நாள் பூரா மெல்லமா ஓட விட்டா மிச்சம்னு ஒரு பேச்சு இருக்கு, அந்த மாதிரி சூடு நிக்காத வீட்டுக்கு அது சரியா வராது, தேவைப்படுற நேரத்துக்கு மட்டும் போடுறது தான் மலிவு. ஆனா ரெண்டு மூணு நாள் முழுசா அணைச்சே போட்டா சுவரு ஆறி மறுபடி வேர்க்க ஆரம்பிச்சிடும், அதையும் செய்யக் கூடாது.

மீதி எல்லாம் பிள்ளை உடம்பைச் சூடா வச்சுக்குறது, இதுல தான் நிஜமா காசு மிச்சம். கரண்டுல சூடாகுற போர்வை ஒண்ணு அங்க 30, 40 பவுண்டுக்குக் கிடைக்கும், 100 வாட் மாதிரி தான் இழுக்கும், மடியில போத்திக்கிட்டு நாலு மணி நேரம் படிச்சாக் கூட அரை யூனிட் ஆகாது, பத்துப் பன்னெண்டு பென்ஸ். நீங்க அனுப்ப நினைச்ச ஹீட்டர் அதே நாலு மணி நேரத்துக்கு 2 பவுண்டு தின்னும். ஹீட்டருக்கு வச்சிருந்த காசை அனுப்பி இதை அங்கயே புதுசா வாங்கிக்கச் சொல்லுங்க, யாரும் வச்சிருந்த பழசு வேணாம், உள்ள கம்பி அறுந்திருந்தா தீ பிடிக்கும். வெந்நீர்ப் பை வாங்கினா கழுத்துக்குக் கிட்ட ஒரு பூ மாதிரி அச்சு இருக்கும், நடுவுல அது செஞ்ச வருஷம், சுத்தி இருக்குற இதழு மாசத்தைக் காட்டும். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆனதுன்னா வாங்கக் கூடாது, ரப்பர் விட்டுப் போய் வெந்துடும். கொதிக்கிற தண்ணியை அப்படியே ஊத்தாம கொஞ்சம் ஆற விட்டு, முக்கால் பைக்கும் கம்மியா ஊத்தி, உள்ள இருக்குற காத்தை அமுக்கி எடுத்துட்டு மூடணும்.

படுக்கைக்கு வந்தா அங்க போர்வை எவ்ளோ சூடு காக்கும்னு சொல்ல டாக்னு ஒரு கணக்கு, 4.5 வெயில் காலத்துக்கு, 13.5 குளிர் காலத்துக்கு. பிள்ளை செப்டம்பர்ல போனதால 4.5 தான் வாங்கியிருக்கும்னு எனக்கு சந்தேகம், லேபிளைப் பாக்கச் சொல்லுங்க. புதுசா 13.5 வாங்கத் தேவையில்ல, 9 டாக் ஒண்ணு வாங்கி அதையும் இதையும் சேத்துப் போத்திக்கிட்டா 13.5 ஆயிடும். மெத்தைக்கு மேல ஒரு கனத்த கம்பளி விரிச்சுப் படுக்கணும், சூடு கீழயும் தான் போகுது. கட்டில் வெளிச்சுவத்தோட ஒட்டி இருந்தா உள் சுவத்துப் பக்கம் நகத்தணும், காத்து 18 டிகிரியில இருந்தாக் கூட சில்லுன்னு இருக்குற சுவரு பக்கத்துல படுத்தா உடம்பு குளிரும். அலமாரியையும் வெளிச்சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளி வைக்கணும்.

துணிமணிக்கு இங்க வாங்கி அனுப்பாதீங்க, நம்ம கடையில கம்பளின்னு சொல்லி விக்குறது பெரும்பாலும் பாலியஸ்டர். அங்க ஆக்ஸ்ஃபாம், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் மாதிரி தர்மக் கடைங்க ஊரெல்லாம் இருக்கு, நிஜக் கம்பளி ஸ்வெட்டர் பத்து பவுண்டுக்குள்ள எடுத்துடலாம். உடம்போட ஒட்டி ஒரு மெல்லிசு, அது மேல ஸ்வெட்டர், கால்ல கம்பளி சாக்ஸ். காட்டன் டி-ஷர்ட் மேல காட்டன் டி-ஷர்ட்டா நாலு போட்டாலும் சூடு நிக்காது, வேர்வையை உறிஞ்சிக்கிட்டு சில்லுன்னு ஆயிடும்.

காத்து உள்ள புகுற இடத்தை ராத்திரி கையை நனைச்சு வச்சுப் பாத்தாலே கண்டுபிடிச்சிடலாம், கதவுக்குக் கீழ, ஜன்னல் சட்டம், தபால் போடுற சந்து. கதவுக்குக் கீழ உங்க பழைய சீலை ரெண்டை உருட்டிக் கட்டி அனுப்புங்க, அது அருமையா அடைக்கும். ஜன்னல் ஒத்தைக் கண்ணாடின்னா அதுக்குன்னு ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட் விக்குது, சட்டம் சுத்தி டபுள் டேப் ஒட்டி ஷீட்டை வச்சு ஹேர் டிரையர் காட்டினா இறுகி நின்னுடும். ஒரு ஜன்னலை மட்டும் தொறக்குறதுக்கு விட்டுடணும். அந்த ரூம்ல பழைய கணப்புக் குழி மூடாம இருந்தா அது வழியா நிறைய சூடு போகும், ஆனா அதை அடைக்குறது ஓனர் வேலை, பிள்ளை கை வைக்க வேணாம்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் கண்டிப்பா சொல்றேன். பூசண வாடைக்கு சாம்பிராணி போடச் சொல்லலாமான்னு கடைசியில கேட்டிருந்தீங்க. வேணவே வேணாம். மூடின ரூம்ல கரி கனிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாடை கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும். கேஸ் அடுப்பையோ கேஸ் ஓவனையோ பத்த வச்சு குளிர் காயுறதும் அதே ஆபத்து. இங்கிலாந்துல 2022 அக்டோபர்ல இருந்து கேஸ் பாய்லர் மாதிரி எரியுற சாமான் இருக்குற ரூம்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்கணும்னு சட்டமே இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் செக் பண்ணி அந்த சர்ட்டிஃபிகேட்டையும் குடியிருக்குறவங்களுக்குக் குடுக்கணும். ரெண்டும் இருக்கான்னு இன்னைக்கே கேளுங்க.

இருக்குற பூசணத்தைக் காஞ்ச துணியால தேய்க்கக் கூடாது, தூள் பறந்து மூச்சுல போகும், இவளுக்கு இளைப்பு வேற. கையுறை, மாஸ்க் போட்டு, ஜன்னலைத் தொறந்து வச்சுக்கிட்டு, சூப்பர் மார்க்கெட்ல விக்குற பூசண ஸ்ப்ரே அடிச்சு ஈரத்துணியால எடுக்கணும், அது கூட வினிகர், வேற கிளீனர் எதையும் கலக்கக் கூடாது. முடிஞ்சா இதை வேற யாராவது செய்யட்டும்.

வீட்டு ஓனருக்கும் எழுதணும். போன்ல சொல்லாம போட்டோ, தேதியோட ஈமெயில்ல. ஹீட்டிங்கும் சுடுதண்ணியும் நல்லா வேலை செய்ற மாதிரி வச்சுக்குறது அங்க ஓனர் பொறுப்பு, 1985 சட்டத்துலயே இருக்கு. வீடு மனுஷர் வாழத் தகுதியா இருக்கணும்னு 2018ல வந்த சட்டம் 2019 மார்ச்ல இருந்து நடைமுறையில இருக்கு, ஈரமும் காத்தோட்டமும் அந்தப் பட்டியல்ல வருது. நீங்க துணி காயப் போட்டதால தான் பூசணம்னு ஓனர் திருப்பி அடிப்பார், அதுக்குத் தான் மீட்டர் ரீடிங்கை தினம் ஒரு நோட்டுல எழுதச் சொல்றேன். ஈரப்பதம் ரெண்டு வாரமா 60க்குள்ள இருந்தும் அதே இடத்துல பூசணம் திரும்ப வந்தா, மழை பெஞ்ச மறுநாள் கறை பெருசானா, அது கூரையோ வெளிப்பைப்போ ஒழுகுது, அப்ப அவர் வாய் திறக்க முடியாது. பதில் வரலைன்னா யூனியில ஸ்டூடண்ட்ஸ் யூனியன் அட்வைஸ் ஆஃபீஸ் இருக்கு, அதுக்கு மேல சிட்டி கவுன்சில்.

அவ விசாவுக்குக் கட்டும்போதே ஆஸ்பத்திரிக்குன்னு வருஷத்துக்கு 776 பவுண்டு சேத்துக் கட்டியிருப்பீங்க, அது தெரியாம நிறைய பிள்ளைங்க டாக்டர் கிட்டயே போறதில்ல. பக்கத்துல இருக்குற ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்ல பேர் பதிஞ்சு சின்ன வயசு இளைப்பைச் சொல்லட்டும், மறுபடி இன்ஹேலர் தேவையான்னு அவங்க பாப்பாங்க. ராத்திரி இருமல், படி ஏறினா மூச்சு வாங்குறது இருந்தா அடுத்த வாரம்னு தள்ளாம உடனே போகணும்.

கடைசியா மீட்டர். காசு சீக்கிரம் தீருதுன்னு சொன்னீங்க இல்ல, அந்த ஸ்க்ரீன்ல பட்டனை அமுக்கிக்கிட்டே போனா பழைய கடன் எவ்ளோன்னு காட்டும். முன்னாடி குடியிருந்தவங்க பாக்கி வச்சுட்டுப் போயிருந்தா இவங்க போடுற காசுல இருந்து வாராவாரம் அது கழியும். அப்படி இருந்தா கம்பெனிக்குப் போன் போட்டு நாங்க இந்தத் தேதியில தான் குடி வந்தோம்னு அக்ரிமென்ட்டைக் காட்டணும், கழிச்சதைத் திருப்பிக் குடுப்பாங்க. யாரும் எதையும் போடலைன்னாலும் நிலைக்கட்டணம்னு தினம் ஒரு தொகை ஓடும், லீவுக்கு எல்லாரும் வெளிய போயிட்டா கூட ஓடும், அதனால போகும்போது மீட்டர்ல கொஞ்சம் காசை விட்டுட்டுப் போகச் சொல்லுங்க. அந்த ஸ்க்ரீனையும் ரேடியேட்டர் வால்வையும் கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்து, ரெண்டு வாரத்து ஈரப்பதக் கணக்கோட எனக்கு அனுப்பச் சொல்லுங்கக்கா, பாத்துட்டு மறுபடி எழுதுறேன்.